ஏணியார் பிடித்த இரண்டு கோடு

கண்டிப் பக்கத்தில் கூரைமேல் அதிக காலம் வாழ்ந்தது யார் என்று கேட்டால், முதலில் குரங்கு, அடுத்தது எங்கள் ஏணியார். அவர் பெண்சாதி சோற்றுப் பொதியைக்கூட மேலே எறிந்துதான் கொடுப்பாள் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

வத்தேகமையில் நாங்கள் இருந்தது பெரும் பள்ளம். செல்போன் வாங்கியவர்கள் அதில் நேரம்தான் பார்த்தார்கள். ஏணியார் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்து ஓய்ந்தவர். தோளில் மூங்கில் ஏணி, கையில் போன். ஆரத்தித் தட்டு மாதிரி அதை மூலை மூலையாகக் காட்டுவார்.

"தகரம் சிக்னல தின்னுது தங்கச்சி. நாமதான் வெளியிலருந்து இழுத்து ஊட்டணும்."

பழைய சைக்கிள் ரிம், டீவி வயர், பால்மா டின் மூடி, இவைதான் அவர் கட்டும் ஏரியல். கடையில் வாங்கிய சாமான் ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டில் தேடியதில் கக்கூஸுக்குள்தான் சிக்னல் இருந்தது. கட்டாரிலிருந்து மருமகன் பேசினால் குடும்பமே அங்கே வரிசையில் நிற்கும்.

எங்கள் வீட்டில் சாமி மாடத்தில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் சிக்னல் இரண்டு கோடு விழுந்தது.

"சாமிகிட்டப் போனா? அடுக்குமாண்ணே?"

"நீ பொலம்புறத எத்தன வருசமாக் கேட்டுக்கிட்டிருக்காரு! ஒம்மக கொரலையும் கொஞ்சம் கேக்கட்டுமே."

கூரையில் ரிம்மைக் கட்டி, வயரை இறக்கிப் போனைச் சுற்றினார். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன என் மகள் செல்வியை வெள்ளிக்கிழமைதான் பேச விடுவார்கள். அதுவும் ஐந்தே நிமிசம்.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குச் சந்தனம் வைத்தேன். பக்கத்திலிருந்த போனை மட்டும் மொட்டையாக விட மனசு வரவில்லை. அதற்கும் தாராளமாக ஒரு பொட்டு. பொட்டு வைத்த இடம்தான் பேசுகிற ஓட்டை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அந்த வாரம் எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. குவைத் டீவிக்கு இலங்கை முழுக்க ஒரே ஊர்தான். போனை எடுத்ததுமே செல்வி அலறினாள்.

"அம்மா! உசுரோட இருக்கீங்களா? யாராச்சும் பேசுங்களேன்!"

"இருக்கேன்டி!" என்று கத்தினேன். பள்ளம் முழுக்கக் கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. அழுதபடி வைத்துவிட்டாள்.

என் கூச்சலில் ஏணியார் ஓடி வந்தார். "காத்துல ரிம் திரும்பியிருக்கும்" என்று கூரையேறி, அதை அவிழ்த்து இரண்டு கையாலும் மலைப் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

அந்த நேரம் பார்த்து ரோந்து வந்தார்கள் ஆமிக்காரர் இரண்டு பேர். தமிழன், கூரை, வயர். விடுவார்களா? ஒருத்தன் கீழே நின்று துவக்கை நீட்டி, "பஹின்ட!" என்று இறங்கச் சொன்னான். மற்றவன் வயர் போன வழியே சப்பாத்தோடு சாமி மாடம்வரை வந்தான். பிள்ளையாரே பேசாமல் இருக்கும்போது நான் எதற்கு வாயைத் திறப்பது?

பொட்டுக்குள் என்ன ரகசியம் என்று நினைத்தானோ, சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துச் சந்தனத்தை முழுக்கத் தோண்டினான். தோண்டி முடிக்க, போன் அடித்தது. அவனே எடுத்து, யாரென்று கேட்டான், சிங்களத்தில்.

"ஐயோ, அம்மா வீட்ல ஆமி!"

அந்த அலறலில் அவனே பயந்து, போனை என் கையில் திணித்தான்.

"செல்வி, நல்லாருக்கேன்டி! ஆமிக்காரன் போன் ரிப்பேர் பண்ண வந்தான்!"

இந்தத் தடவை அவளுக்குக் கேட்டது. அழுதாள், சிரித்தாள், திரும்பவும் அழுதாள்.

வெளியே மறுபடி, "பஹின்ட!"

"கொஞ்சம் இருங்க மாத்தயா, புள்ள பேசி முடிக்கட்டும்." ஏணியார்தான், கூரையிலிருந்து.

தலைக்கு மேலே தகரம் கடகடவென்று அடித்துக்கொண்டது. அது ஏணியாரின் கால்.

அடையாள அட்டையைப் பார்த்து, ரிம்மைச் சாக்கடைக் கானுக்குள் எறிந்துவிட்டு அவர்கள் போனார்கள். ஏணியாரை இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

"பயந்துட்டீங்களாண்ணே?"

"பயமா? தகரம் சூடு தங்கச்சி!"

சரி, சூடுதான். கால் அந்த ஆட்டம் ஆடியது. ஆனால் அந்த ஐந்து நிமிசத்தில் என் பிள்ளையின் குரல் ஒரு தடவைகூட விட்டுப்போகவில்லை.