ஆமை வாங்கிய காரின் முதல் சர்வீஸ்

ஒரு காட்டில், ஷோரூம் வந்த பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், கூர்மநாதன் என்ற ஆமை வசித்தது. அதன் மனைவி செங்கமலம் முட்டையிடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முட்டையிட மணல் வேண்டும். பக்கத்து ஆற்று மணலை எல்லாம் லாரிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டதால், மிச்சமிருந்த மணல் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஆகவே ஆமை கார் வாங்கியது.

காரோடு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். 'முதல் சர்வீஸ்: ஆயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது. தவறினால் வாரண்டி கிடையாது' என்று அதில் போட்டிருந்தது.

சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், ஆமை காரைக் கோயிலுக்கு மட்டும் ஓட்டியது.

"ஏங்க, மாசம் முடியப்போகுது. சர்வீஸுக்கு விடலையா?" என்று கேட்டது செங்கமலம்.

"அவசரப்படாதே. மாசம் ஓடுது, கிலோமீட்டர் ஊர்ந்து வருது. நம்ம வம்சத்துல மெதுவா வந்தவன்தானே முதல்ல வந்தான்? கிலோமீட்டர்தான் ஜெயிக்கும், பாரு."

செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பரம்பரைப் பெருமையோடு வாதாடி ஜெயித்த மனைவி எந்தக் காட்டிலும் கிடையாது.

முப்பத்து நான்காம் நாள் செங்கமலத்துக்கு வலி கண்டது. இரண்டும் மணலைத் தேடிக் கிளம்பின. ஆறாவது கிலோமீட்டரில் கார் நின்றுவிட்டது. ஓர் எருமை அதை சர்வீஸ் சென்டருக்கு இழுத்து வந்து விட்டது.

அங்கே கவுண்டரில் இருந்தது ஒரு முயல். அது மீட்டரைப் பார்த்தது, காலண்டரைப் பார்த்தது. பல தலைமுறைகளாகக் காத்திருந்த சந்தோஷம் அதன் முகத்தில் தெரிந்தது.

"மாசம்தான் சார் முதல்ல வந்திருக்கு. வாரண்டி போச்சு. ரிப்பேருக்குப் பத்து நாள் ஆகும்."

"என் வீட்டுக்காரிக்கு இன்னைக்கே மணல் வேணுமேப்பா!"

"டோக்கன் எடுத்துட்டு உட்காருங்க சார்."

கூர்மநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. தன் பெருமையால் பிள்ளைகள் நடுத்தெருவில் பிறக்கப்போகின்றன என்று நினைத்தபோது ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் செங்கமலத்தைக் காணவில்லை.

மூலையில் 'தீ' என்று எழுதிய சிவப்பு வாளி ஒன்று தரையில் இருந்தது. அதற்குள் மணல். மணலுக்குள் செங்கமலம்.

"பதினொண்ணு. பொரிக்க ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் யாரும் வாளியைத் தொடக்கூடாது" என்றது அது.

மேனேஜர் கரடி அலறிக்கொண்டு ஓடிவந்தது. மறுநாள் காலை தீயணைப்புத் துறை ஆய்வு. வாளி மணலைக் கொட்டிக் காட்ட வேண்டும். முட்டை உடைந்தால் வனத்துறை கேஸ்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வாளியோட எடுத்துட்டுப் போயிடுங்க, ஆய்வுக்கு நான் வேற வாளி வெச்சுக்கறேன்!"

"எப்படிங்க போறது? காருதான் ஓடலையே" என்றது செங்கமலம்.

அரை மணி நேரத்தில் கார் ஓடியது. இருபத்தெட்டாம் நாளே முதல் சர்வீஸ் முடிந்துவிட்டதாக முயல் தன் கையாலேயே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தது. வாளியைப் பின்சீட்டில் வைத்து, சீட் பெல்ட் மாட்டிவிட்டது கரடி.

நீதி: புது காரை ஒரு மாதத்துக்குள் முதல் சர்வீஸுக்கு விட்டுவிடவும். தவறிவிட்டால், மனைவியையும் கூட்டிக்கொண்டு போகவும்.