'வரேன்' என்றால் திறக்கும் பூட்டு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது கடிதத்துக்காக எழுதும் நலம் அல்ல, உண்மையான நலம். உங்கள் அத்தையின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. கட்டைப் பிரித்ததும் அவள் முதலில் பார்த்தது என்னைத்தான். "இவ்வளவு நரைச்சுப்போச்சா உங்களுக்கு?" என்றாள். பார்வை தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது வராத நிம்மதி எனக்கு அந்தக் கேள்வியில் வந்தது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் அன்போடு வாங்கி அனுப்பிய பேசும் பூட்டைப் பற்றி ஒரு சின்ன விண்ணப்பமும் இருக்கிறது. மாப்பிள்ளை கொடுத்த பொருளை வாய்விட்டுக் குறை சொல்லும் துணிச்சல் எந்த மாமனாருக்கும் கிடையாது. அதனால் கடிதம்.

நான் புதுமைக்கு எதிரி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். துணி துவைக்கும் மெஷின் வந்த அன்று அதன் கண்ணாடி மூடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுத் துவைப்பையும் பார்த்தவன் நான். எதிர்வீட்டு டாக்சிக்காரர் காரில் பின்பக்கம் கேமரா வைத்திருக்கிறார். காருக்கு முதுகில் கண் வைத்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும். எந்தச் சாமானுக்கும் நான் வைப்பது ஒரே ஒரு பரீட்சைதான்: அது நம்மைப் புரிந்துகொள்கிறதா, நாம் அதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதா? மிக்ஸி முழு மதிப்பெண் வாங்கும். சுற்று என்றால் சுற்றும், நில் என்றால் நிற்கும். கைப்பேசி பாதிதான் தேறும். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தப்போவதாக எழுதியதற்கு நான் 'சரி, பேசலாம்' என்று தட்டினேன். அது 'சாரி, பேசலாம்' என்று அனுப்பி, குற்றம் ஏதும் செய்யாமலே என்னை மன்னிப்புக் கேட்க வைத்தது.

இனி பூட்டு. சாவியே கிடையாது என்பதுதான் அதன் பெருமை என்று மாட்ட வந்த மெக்கானிக் சொன்னார். பழைய பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, எங்கள் இருவர் குரலையும் அதில் பதிய வைத்தார். வாசலில் நின்று 'வரேன்' என்றாலோ 'வரோம்' என்றாலோ 'வாங்க, வாங்க' என்று திறக்க வேண்டும், 'போறேன்' என்றால் பூட்ட வேண்டும். வேறு யார் 'வரேன்' என்றாலும் திறக்காது, ஆனால் மரியாதைக்கு அவர்களையும் 'வாங்க, வாங்க' என்று உபசரிக்கும். இதில் என்ன சிக்கல் வரமுடியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மாப்பிள்ளை, நம்மில் யார் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்கிறோம்? 'போயிட்டு வரேன்' என்றுதானே சொல்கிறோம்? இதில் 'போயிட்டு' என்பது வினையெச்சம், 'வரேன்' என்பது வினைமுற்று. பூட்டுக்கு எச்சம் ஏறவில்லை, முற்றை மட்டும் பிடித்துக்கொண்டது. நான் தமிழ் நடத்திய வகுப்பிலும் இப்படிப் பையன்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களை நம்பி நான் வீட்டை விட்டுவிட்டுப் போனதில்லை. நாங்கள் 'போயிட்டு வரோம்' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போக, அது 'வாங்க, வாங்க' என்று திறந்துகொண்டு நாங்கள் திரும்பும்வரை அப்படியே கிடந்திருக்கிறது.

இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர் வருவார், மிக நல்ல மனிதர், எழுந்திருக்கத்தான் மாட்டார். அன்றைக்கு ஒருவழியாக எழுந்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு, "அப்ப நான் வரேன் சார்" என்றார். பூட்டு "வாங்க, வாங்க" என்றது. மனிதர் நெகிழ்ந்துபோய், "இவ்வளவு அன்பா கூப்பிடறப்போ எப்படி சார் போறது" என்று செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன். கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னால் தீர்ந்தது, சொல்லை மாற்ற வேண்டுமென்றால் நேரில் வந்துதான் மாற்ற வேண்டும், நாளைக்கு வரேன் என்றார். இன்றுவரை வரவில்லை. ஆக, பூட்டுக்கு 'வரேன்' என்றால் வருகிறேன். நமக்கு 'வரேன்' என்றால் போகிறேன். மெக்கானிக்குக்கு 'வரேன்' என்றால் வரமாட்டேன். ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் இருந்தால் பாவம், இரும்பு என்ன செய்யும்?

உங்கள் அத்தை, "அந்த வார்த்தை என் வாயில வராது" என்று சொல்லிவிட்டாள். சொல் வேறு பொருள் வேறு, தீ என்று சொன்னால் நாக்கு சுடுமா என்றெல்லாம் எடுத்துக்காட்டோடு விளக்கினேன். "சுடாதுன்னா நீங்களே சொல்லிக்குங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் காதைப் பொத்திக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிடுவாள். நான் பூட்டோடு ரகசியம் பேசுவதுபோல் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் பின்னால் போவேன். காய்கறி வாங்கவும் லைட் பில் கட்டவும் இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

ஆபரேஷன் அன்று காலை டாக்சிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவளை வண்டியில் ஏற்றிவிட்டுப் பூட்டின் முன்னால் வந்து நின்றேன். அவளுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. எல்லாம் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகும் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தார். வாயைத் திறந்தேன். 'போ' வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை, மாப்பிள்ளை. எத்தனை வருஷம் இலக்கணம் நடத்திய வாய்! ஹாரன் மறுபடியும் அடித்தது. "போயிட்டு வரோம்" என்று உரக்கவே சொன்னேன். பூட்டு "வாங்க, வாங்க" என்று கதவைத் திறந்தது. வீட்டிலிருப்பதை எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று கதவைச் சாத்திவைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். "பூட்டியாச்சா?" என்று கேட்டாள். ஆச்சு என்றேன்.

சாயங்காலம் அவள் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தால், உள்ளே விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. எட்டிப் பார்த்தேன். நடு நாற்காலியில் இன்ஷூரன்ஸ்காரர். "காலையில வந்தேன் சார், கதவு பூட்டாமக் கிடந்துது. எதிர்வீட்டுல கேட்டா ஆபரேஷன்னாங்க. நான் எழுந்து போனா வீடு அநாதையாப் போயிடுமேன்னு உட்கார்ந்துட்டேன்" என்றார். போன் செய்திருக்கலாமே என்றேன். "அந்த நேரத்துல உங்களை எதுக்கு சார் கலவரப்படுத்தணும்?" என்றார். மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை அந்த மனிதர். எழுந்திருக்கத் தெரியாதவர் என்று அவரை நினைத்ததற்கு வெட்கப்பட்டுக்கொண்டே அவருடைய புதிய திட்டம் முழுவதையும் கேட்டு முடித்தேன்.

கண்ணும் பிழைத்தது, வீடும் பிழைத்தது. இந்த நிம்மதி நீடிக்க வேண்டுமென்றால், தாங்கள் மனவருத்தம் கொள்ளாமல், பூட்டைக் கழற்றித் திருப்பி எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு, குறைவில்லாமல் நெடுநாள் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பி.கு.: மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். அவள் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று நானே கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கழட்டச் சொல்லாதீங்க" என்றாள். ஏன் என்றேன். "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து எத்தனை தடவை வெளியே போயிட்டு இந்த வீட்டுக்குள்ள வந்திருப்பேன். என்னை 'வாங்க'ன்னு கூப்பிட்டது அது ஒண்ணுதான்" என்றாள். இதற்கு நான் எடுத்துக்காட்டு தேடினேன், அகப்படவில்லை. கடைக்குப் போய்ச் சாவி போடும் பூட்டு ஒன்று வாங்கிக் கீழே மாட்டிவிட்டேன். அது பூட்டட்டும், உங்களுடையது உபசரிக்கட்டும். இன்று மாலை அவள் பக்கத்து வீட்டிலிருந்து வருவதைப் பார்த்து, பூட்டு வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு "வாங்க, வாங்க" என்றேன். வாசலிலேயே நின்று புதுக் கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள்.