கஞ்சி போட்ட ரேடியோ

ரேடியோவுக்குள் கஞ்சித் தண்ணீர் போய்விட்டால் என்ன செய்வது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். ஒன்றும் செய்யக்கூடாது. துண்டை விரித்துக் கவிழ்த்துவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டும். இந்த ஞானம் வர எனக்கு ஒரு நல்ல ரேடியோவும், மாமியார் என்மேல் வைத்திருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் செலவாயின.

எழுபதுகளின் நடுவில், கேரள மலையில் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்குக் கல்யாணமாகிப் போனேன். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள் இருக்கும் லைன் வீடு. அத்தை மாரியம்மாள் கொழுந்து பறிப்பவர். லைனிலேயே முதல் ரேடியோ அவருடையதுதான். ஞாயிறு சாயங்காலம் சிலோன் ஸ்டேஷனில் பாட்டுப் போடும் நேரத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அத்தை நடுவில் அமர்ந்து முள்ளைத் திருகுவார். கங்காணிக்குக்கூட அந்தக் கெத்து கிடையாது. நான் பத்தாவது வரை படித்தவள் என்பதால் (பாஸா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை) ரேடியோவைத் தொடும் உரிமை எனக்கும் கிடைத்திருந்தது.

ஆனி மாதத்து மழை. ஒரு வெள்ளிக்கிழமை அத்தை கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார். நான் ரேடியோவை அடுப்படிக்குக் கொண்டுவந்து, பாட்டுக் கேட்டபடி சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்த பாட்டு. கூடவே பாடினேன், கண்ணையும் மூடிக்கொண்டேன். கஞ்சி சட்டியில்தான் விழுகிறது என்று நம்பினேன். பாடகி திடீரென்று வாய் கொப்பளிப்பது போலக் கேட்டதும்தான் கண்ணைத் திறந்தேன். பதறிப்போய், வேறு ஸ்டேஷனாவது பேசுகிறதா என்று முள்ளை அந்தக் கோடிக்குத் திருகினேன். சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். ம்ஹூம்.

அத்தை வந்து பார்த்தார். "ஏட்டி, சட்டைக்குத்தான் கஞ்சி போடுவாவ. நீ ரேடியோவுக்குப் போட்டிருக்கியே!"

சாயங்காலம் மாநாடு கூடியது. என் கணவர் செல்வம் ரிப்பேர்க் கட்சி. "எம்மா, மூணாறு கடையில குடுத்துப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுவோம்."

"பிரிச்ச சாமான எவன் ஒழுங்காப் பூட்டிக் குடுத்திருக்கான்? ஒன் கைக்கடிகாரம் இன்னும் தீப்பெட்டிக்குள்ளதான கெடக்கு? அதுவா காயட்டும்."

"இந்த மழையில அதுவா காயணும்னா தை பொறக்கணும்."

ஞாயிற்றுக்கிழமைக்கோ நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. அப்போது நான் வாயைத் திறந்தேன். (திறந்திருக்கக்கூடாது.)

எங்கள் லைனில் மழைக்காலத்தில் யாரும் வெயிலை நம்புவதில்லை. ஈரக் கம்பளி, பிள்ளைகளின் யூனிஃபாரம் எல்லாவற்றையும் ஃபேக்டரியில் வேலை செய்யும் ஆட்கள் எடுத்துப்போய், கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு மூலையில் விரித்துவிடுவார்கள். அங்கே எப்போதும் வெதுவெதுப்பான காற்று வீசும். எஸ்டேட் துரைக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். என் கணவருக்கு அந்த ஃபேக்டரியில்தான் வேலை.

"கம்பளியே காயுது, ரேடியோ காயாதா?" என்றேன். அடடா என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். படிப்புன்னா படிப்புதான் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ரேடியோ வேலைக்குப் போனது. மத்தியானம் சாப்பிட வந்த கணவர், "இன்னும் சொதசொதன்னுதான் இருக்கு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாடிக் காத்து பத்தாதுங்க. தேயிலை காயவைக்கிற பெரிய மிஷின் இருக்குல்ல, அது வாய்கிட்ட வச்சிருங்க."

"ஏளா, அங்க சூடு பயங்கரமா அடிக்கும்."

"எலையே தாங்குது. இது கம்பெனி சாமான், தாங்காதா?"

சாயங்காலம் அவர் துண்டில் சுற்றிய மூட்டையோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டையை அவிழ்த்தால், ரேடியோ ஒரு பக்கம் இளகி வழிந்து உறைந்திருந்தது. திருகு இரண்டும் உடம்போடு ஒட்டிப்போயிருந்தன. முதல்தரத் தேயிலை வாசம் மட்டும் கமகமவென்று வந்தது.

அத்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எனக்குன்னு நான் வாங்குனது இது ஒண்ணுதான் தாயி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் பேட்டரியை எடுத்து உள்ளே போட்டார். நான் அழ ஆரம்பித்தேன்.

அப்போதுதான் ரேடியோ பேசியது. பேசியதா, அலறியது! மலையாளத்தில்.

நான் பதற்றத்தில் திருகிவிட்ட இடத்திலேயே முள்ளும் சத்தமும் ஒட்டிக்கொண்டிருந்தன. மறுநாள் பாட்டுக் கேட்க வந்த பெண்களுக்குத் தென்னை வண்டை ஒழிப்பது எப்படி என்று முழுச் சத்தத்தில் பாடம் நடந்தது. எங்கள் மலையில் ஒரு தென்னைகூடக் கிடையாது. கடைசியில் வானிலை. "ஒற்றப்பெட்ட மழைக்கு சாத்யதயுண்டு" என்றது ரேடியோ. ஆங்காங்கே மழை பெய்யலாமாம். வெளியே லைனே மிதந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் மூணாறு கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முள்ளப் பேத்தா இப்பப் பேசுறதும் நின்னுரலாம். செய்யவா, வேண்டாமா?"

அத்தை யோசித்தார். "பேசுறத எதுக்கு நிறுத்தணும்? பேசிட்டுப் போகட்டும்" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதிலிருந்து தினமும் மலையாளச் செய்திதான். அணைக்க வேண்டுமென்றால் பேட்டரியைப் பிடுங்க வேண்டும்.

அடுத்த வருடம் ஒருநாள் அத்தை என்னைத் தேவிகுளம் தாலுக்கா ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். ரேஷன் கார்டில் என் பெயர் ஏறாமலே கிடந்தது. அங்கே மலையாளத்தில் கேள்வி கேட்பார்கள் என்று பயந்துதான் அத்தை அதுவரை தள்ளிப்போட்டிருந்தார். ஆபீசர் நிமிர்ந்து என்ன என்றார். அத்தை தொண்டையைச் செருமி, செய்தி வாசிக்கும் கணீர்க் குரலில் ஆரம்பித்தார்:

"மருமகளுடெ பேரு சேர்க்கணமென்னு மாரியம்மாள் ஆவஸ்யப்பெட்டு!"

சேர்க்க வேண்டும் என்று மாரியம்மாள் கோரினாராம். ஆபீஸே எழுந்து பார்த்தது. ஆபீசர் சிரித்து ஓய்ந்ததும், அன்றே என் பெயர் ஏறியது. வெளியே வந்து அத்தை, "நீ கஞ்சி ஊத்துனதுக்கு இது ஒண்ணு வெளங்குச்சு" என்றார். எனக்கு அது போதும்.

அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அந்த ரேடியோவும் பேச்சை நிறுத்திவிட்டது. ஆனால் இன்றைக்கும் நான் காப்பி டம்ளரோடு மகளின் லேப்டாப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். மகள் லேப்டாப்பை வாரி மார்போடு அணைத்துக்கொள்வாள். உள்ளறையிலிருந்து என் கணவர் செய்தி வாசிக்கும் குரலில் அறிவிப்பார்:

"ஒற்றப்பெட்ட மழைக்கு சாத்யதயுண்டு!"