லா கொள்ளிடாவில் பால் காய்ச்சிய கதை

திருச்சியில் ஒரு வீட்டை விற்க முடியவில்லையா? கவலையே வேண்டாம். பெயருக்கு முன்னால் 'லக்சுரி' என்று சேர்த்து விலையை இரண்டு மடங்காக்கிவிடுங்கள். அப்போதும் விற்காது. ஆனால் விற்காமல் இருப்பதற்கு ஒரு கௌரவம் வந்துவிடும்.

எங்கள் ஊர் சொகுசு வீட்டு மார்க்கெட்டின் இன்றைய நிலவரம் இதுதான். பஞ்சப்பூருக்குப் புது பஸ் ஸ்டாண்ட் வந்தாலும் வந்தது, கே.கே. நகரைத் தாண்டியிருக்கும் முள்ளுக்காட்டுக்கெல்லாம் ஐரோப்பியப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு புரோக்கர் இன்னொரு புரோக்கருக்கு விற்கிறார். அவர் மூன்றாமவருக்கு விற்கிறார். மூன்றாமவர் முதலாமவருக்கே போன் போட்டு, "நல்ல பிராப்பர்ட்டி ஒண்ணு வந்திருக்கு, பாக்குறீங்களா?" என்கிறார். இந்தச் சுற்றில் யாருமே அந்த வீட்டில் ஒரு ராத்திரி படுத்துத் தூங்கியதில்லை. கேட்டால் 'கேட்டட் கம்யூனிட்டி' என்பார்கள். கேட் இருப்பது உண்மை.

இவ்வளவு வாய் பேசும் நானும் அப்படி ஒரு கேட்டுக்குள் சம்பளம் வாங்கியவள்தான்.

துறையூர் ரோட்டில், திருவெள்ளறைக்குச் சற்று முன்னால், வயல்களுக்கு நடுவில் இருந்தது அந்த வில்லா ப்ராஜெக்ட். பெயர் 'லா கொள்ளிடா'. கொள்ளிடம் ஆறு அங்கிருந்து கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. எங்கள் கம்பெனி எம்.டி.யின் மகன் இத்தாலிக்கு டூர் போய்விட்டு வந்து வைத்த பெயர். என் மாமியார் முதன்முதலில் அதைக் கேட்டபோது, "கொள்ளியா? குடியிருக்கிற வீட்டுக்கு யாராவது அப்படிப் பேரு வைப்பாங்களா?" என்று பதறினார். நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். (எனக்கு அப்போது இங்கிலீஷில் ஒரு விசிட்டிங் கார்டு இருந்தது.)

கார்டில் இருந்த பதவி ரிலேஷன்ஷிப் மேனேஜர். கத்திரி வெயிலிலும் கறுப்பு பிளேசர் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு டவுன் பஸ் மாறிப் போவேன். வாடகைப் போர்ஷனில் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கு ஹவுஸ் ஓனரிடம் அனுமதி கேட்டு நின்றவள், அங்கே போய், "உங்க லைஃப்ஸ்டைலுக்கு மூணு பெட்ரூம் பத்தாதுங்க" என்று மற்றவர்களுக்கு அறிவுரை சொல்வேன். நினைத்தால் இப்போதும் அந்த உமாவை, அதாவது அன்றைய என்னை, பிடித்துப் பளாரென்று ஒன்று கொடுக்கலாம் போலிருக்கிறது.

எம்.டி. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வியாபார ரகசியம் ஒரே ஒரு வார்த்தை. "எங்க வில்லான்னு சொல்லாதீங்க. நம்ம வில்லா, நம்ம வீடுன்னு சொல்லுங்க. கேக்குறவன் பாதி வாங்கிட்ட மாதிரி ஆயிடுவான்." நான் நல்ல மாணவி. வீட்டில் துணி மடிக்கும்போதுகூட போனில், "நம்ம வீடு ரெடிங்க, கிழக்குப் பாத்த வாசல், வந்து பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் ஒன்றுமே கேட்க மாட்டார். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

வந்து பார்த்தவர்கள் உண்டு; வாங்கியவர்கள் இல்லை. இந்த நிலையில் சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்குப் பூர்வீகம் லால்குடி. படம் பார்த்தே பார்வைக்காக ஜோடித்து வைத்திருந்த மாடல் வில்லா இருக்கும் கார்னர் மனையை அந்த அம்மாள் தேர்ந்தெடுத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான்: அக்கம்பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். நடமாட்டத்துக்கு அங்கே எருமைகள்தான் இருந்தன. எம்.டி. ஸ்டாஃப் அத்தனை பேரையும் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஆளுக்கொரு வில்லாவுல உங்கவுங்க குடும்பத்த உக்கார வைங்க. குடியிருக்கிற மாதிரி இருக்கணும். உமா, மாடல் வில்லா உங்களுக்கு. வாடகைக்கு இருக்காங்க, வித்ததும் காலி பண்ணிடுவாங்கன்னு பார்ட்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன். இந்தப் பார்ட்டி போச்சுன்னா நீங்க வேற வேலை பாத்துக்க வேண்டியதுதான்."

வேலை போனால் எங்களுக்குச் சிக்கல்தான். துவாக்குடியில் என் கணவர் செந்தில் வைத்திருந்த லேத் பட்டறைக்கு ஆர்டர் வந்து நாளாகியிருந்தது. வீடு ஓடியது என் சம்பளத்தில்தான்.

சனிக்கிழமை மாமியாரிடம் சொன்னேன்: "அத்தை, நாளைக்கு நம்ம வில்லாவுக்கு வரணும். பட்டுப் புடவையா கட்டிக்கங்க. மத்த விவரமெல்லாம் உங்க பையன் சொல்வாரு."

"கிழக்குப் பாத்த வாசல்தானே?"

"ஆமாம் அத்தை. கார்னர் வேற."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாமி அலமாரிப் பக்கம் போனார். வெங்காயம் நறுக்கியிருப்பார் என்று நினைத்தேன். விவரம் சொல்ல வேண்டிய பையன் செல்போனில் கிரிக்கெட் பார்த்தபடி, "ஆமாம்மா, போயிட்டு வந்துடலாம்" என்றதோடு சரி.

ஞாயிறு காலை வில்லா சாவியைச் செந்திலிடம் கொடுத்துவிட்டு நான் முன்னாலேயே சைட் ஆபீஸுக்குப் போய்விட்டேன். சிங்கப்பூர் தம்பதியின் கார் வந்து நின்றது. அந்த அம்மாள் இறங்கி நாலா பக்கமும் பார்த்தார்.

"இத்தன வீடு இருக்கு, ஒரு கொடியிலகூட துணி காயலையே?"

"லக்சுரி கம்யூனிட்டி மேடம். இங்க துணி வெளியில தெரியக் கூடாதுன்னு ரூல்" என்று சளைக்காமல் சொன்னார் எம்.டி. "வாங்க, நம்ம வில்லா நம்பர் ஒன்ல ஒரு அருமையான ஃபேமிலி இருக்காங்க."

அப்போதுதான் பார்த்தேன். வில்லா நம்பர் ஒன்றின், அதாவது எங்களுக்குக் கொடுத்த மாடல் வில்லாவின், ஜன்னலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

ஓடினேன். வாசல் நிலையில் மஞ்சளும் குங்குமமும் இட்டு மாவிலை கட்டியிருந்தது. இத்தாலியன் மார்பிள் பதித்த ஹாலுக்கு நடுவில், சைட்டிலிருந்து எடுத்துவந்த மூன்று செங்கல், அதற்குள் தென்னை மட்டை, மேலே பித்தளைப் பானை. சுற்றி நின்று மாமியாரும் மண்ணச்சநல்லூரிலிருந்து வரவழைக்கப்பட்ட அவருடைய இரண்டு தங்கைகளும் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். பால் பொங்கி மார்பிளில் வழிந்தது.

"கெழக்கால பொங்கிடுச்சு உமா! நல்ல வேளையில வந்தே!"

என் கணவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். (இதைத் தடுத்திருக்கக் கூடாதா என்று பிறகு கேட்டேன். "குடியிருக்கிற மாதிரி இருக்கணும்னு நீதானே சொன்னே? நீதான் ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு நினைச்சேன்" என்றார். பத்து வருஷமாகியும் அந்தப் பதிலுக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் இது நடந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.)

எனக்குப் பின்னாலேயே எம்.டி. தம்பதியுடன் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த பிளான். மாமியார் ஒரு பார்வையில் அவரை மேஸ்திரி என்று முடிவுகட்டிவிட்டார்.

"வாங்க மேஸ்திரி, உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன். அடுப்பத் திருகினா கேஸ் வரல. கொழாயத் திருகினா காத்து வருது. அலமாரியில புக்கு அடுக்கியிருக்கேன்னு ஒண்ண இழுத்தா மொத்தமும் ஒரே அட்டையா கையோட வருது. புள்ளையாருக்கு வைக்கலாம்னு அந்த ஆப்பிள எடுத்தா பிளாஸ்டிக்கு! பாத்ரூமப் பத்தி நான் இப்பச் சொல்லல. நல்ல காரியம் நடக்குற நேரம்."

சிங்கப்பூர் அம்மாள் முன்னால் வந்தார்.

"நீங்க இன்னைக்குத்தான் குடி வரீங்களாம்மா?"

"ஆமாம் கண்ணு. கல்யாணமாகி வந்ததுலேருந்து வாடகை வீடுதான். இது நம்ம வீடு. எம் மருமக சம்பாத்தியம்" என்றார் மாமியார், என்னைக் காட்டி.

சிங்கப்பூர் அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, இந்த வீட்டத்தானே நமக்குன்னு சொன்னாங்க? வேற ஒருத்தங்க பால் காய்ச்சின வீட்ட நாம எப்படிங்க வாங்கறது?"

எம்.டி. பாய்ந்தார். "ஐயோ மேடம், இவங்க வாங்கல. நம்ம ஸ்டாஃபோட ஃபேமிலிதான். சும்மா உக்காந்திருக்காங்க."

"அப்ப பக்கத்து வீட்டு மாடியில கையாட்டுறாங்களே, அவங்க?"

எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். எங்கள் அக்கவுண்டன்ட்டின் மனைவி, சொல்லிக்கொடுத்தபடியே, சிரித்துக்கொண்டு கையாட்டிக்கொண்டிருந்தார். எம்.டி. ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"உமா, மேஸ்திரி என்ன சொல்றாரு?" என்றார் மாமியார்.

"அத்தை... இது நம்ம வீடு இல்ல."

"பின்ன நம்ம வீடு, நம்ம வீடுன்னியே?"

"கம்பெனியில அப்படித்தான் சொல்லணும்னாங்க."

அவர் முதலில் பானையைப் பார்த்தார். பிறகு தங்கைகளைப் பார்த்தார். வேலை போவதைப் பற்றி அந்த நிமிஷம் எனக்குக் கவலையே வரவில்லை. கூடப்பிறந்தவர்கள் முன்னால் அவரை இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்று அழுகைதான் வந்தது. பிளேசரைக் கழற்றி அந்தச் செங்கல் அடுப்பிலேயே போட்டுவிடலாம் என்று தோன்றியது.

மாமியார்தான் முதலில் தேறினார். புடவையைச் சரிசெய்துகொண்டு, கரண்டியை எடுத்துப் பாலில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார்.

"பொங்கின பால மறுபடியும் மாட்டுக்குள்ளயா விட முடியும்? ஆளுக்கு ஒரு வாய் குடிங்க. மேஸ்திரி, நீங்களும் வாங்க."

எல்லோரும் குடித்தோம். எம்.டி.யும் குடித்தார். லால்குடிக்காரர் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "பால் நல்லா இருக்கும்மா" என்று சொல்லிக் காரில் ஏறினார். அந்த ப்ராஜெக்ட்டில் ஒரு வாடிக்கையாளர் மனமாரப் பாராட்டிய ஒரே பொருள் அதுதான்.

மத்தியானமே எனக்கு வேலை போனது. இப்போது மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். அங்கே அரிசியை அரிசி என்றே சொல்லி விற்கிறார்கள். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. மார்பிளில் விழுந்த கறை போகவே இல்லையாம். அதன்மேல் ஒரு கம்பளத்தை விரித்து, 'பிரீமியம் ஃபர்னிஷ்டு' என்று விலையை ஏற்றினார்களாம். அதற்கப்புறம் அந்த வில்லா கை மாறிக்கொண்டே இருக்கிறது. யாரும் குடி வரவில்லை.

மாமியாரின் தங்கைகள் வாயை மூடிக்கொண்டிருப்பார்களா? சொந்தத்தில் எல்லோருக்கும் அவர் இப்போது 'வில்லாக்கா'. கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். போன மாசம் திருவெள்ளறைக் கோயிலுக்கு பஸ்ஸில் போனோம். லா கொள்ளிடா வந்ததும் ஜன்னலோரம் இருந்த அத்தை, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கையை நீட்டிக் காட்டினார்.

"அந்தக் கார்னர் வீடு தெரியுதா? நாங்க பால் காய்ச்சின வீடு."

"உங்க வீடாம்மா?" என்றாள் அந்தப் பெண். எனக்குக் காது சூடாகிவிட்டது. "அத்தை, சும்மா இருங்க" என்றேன் மெதுவாக.

"நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்றார் அத்தை, பஸ் முழுக்கக் கேட்கும்படி. "வாங்கினவன், வித்தவன் எல்லாரையும் வரச் சொல்லு. அந்த வீட்டுல இதுவரைக்கும் அடுப்பு மூட்டினது நான் ஒருத்திதான்!"