புள்ளி வைக்காத கணக்கு சார்

உலகத்திலுள்ள கணக்கு வாத்தியார்கள் அத்தனை பேரும் புள்ளி வைத்துத்தான் வடிவியலைத் தொடங்குவார்கள். கொல்லிமலைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் புள்ளியைக் கண்டாலே எரிந்து விழுவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்கெல்லாம் அவர் 'நிலம் சார்'.

கரும்பலகையில் யாராவது புள்ளி வைத்தால் பூதக்கண்ணாடியோடு வந்துவிடுவார்.

"ஏனுங்க, இதுக்கு நீளம் இருக்குது, அகலம் இருக்குது. இது புள்ளியா? இது நிலமுங்க! நிலத்துக்குள்ள நிலம், அதுக்குள்ள இன்னொண்ணுன்னு சுருக்கிக்கிட்டே போங்க. அப்படிப் போறதுக்குத்தான் புள்ளின்னு பேரு."

சாக்பீஸைப் படுக்கவைத்து இடம் இடமாகத் தேய்ப்பார். எது எதற்குள் அடங்கும், எது எதோடு ஒட்டும் என்பதை வைத்தே கோடு, முக்கோணம் எல்லாம் கட்டிவிடுவார். தலைமையாசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். நான் ஆசிரியர் அறையில் அவரைப் போலப் பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்குவேன்.

போன ஆடியில் ஒரு ஞாயிறு, குறுக்கு வழி என்று மிளகுத் தோட்டங்களுக்குள் இறங்கியவன், சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தேன். கால் முறிந்துவிட்டது. மூடுபனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. இருக்கும் இடத்தைப் போனில் சக ஆசிரியர்களுக்கு அனுப்பினேன். சிக்னல் கோளாறில் அந்தச் சிவப்புப் புள்ளி வாசலூர்பட்டி ஏரியின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. மொத்தப் பேரும் படகுத்துறைக்கு ஓடியிருக்கிறார்கள்.

சார்ஜ் தீரும் நேரத்தில் ஒரே ஒரு அழைப்பு வந்தது. நிலம் சார்.

"எங்க இருக்கீங்கன்னு கேக்கல. எதுக்குள்ள இருக்கீங்க?"

"பள்ளத்துக்குள்ள சார்!" என்று கத்தினேன். கொலைவெறி வந்தது.

"பள்ளம் எதுக்குள்ள?"

"மிளகுத் தோட்டம்."

"பஸ் ஹாரன் கேக்குதுங்களா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "லேசா கேக்குது."

"தண்ணிச் சத்தம்?"

"கேக்குது சார். பலாப்பழம் அழுகின வாசமும் அடிக்குது. சீக்கிரம் வாங்க சார்!"

"ஹாரன் கேக்குற நிலம், தண்ணி கேக்குற நிலம், பலா வாசம் அடிக்குற நிலம். மூணும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற துண்டு சின்னதுதானுங்க. அசையாதீங்க, வாரேன்..."

போன் அணைந்துவிட்டது. குளிரில் தாடை கிடுகிடுவென ஆடியது. என் மனைவியிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்ற யோசனைகூட வந்துவிட்டது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மேலே செடிகள் முறியும் சத்தம் கேட்டது. இரண்டு விவசாயிகளுக்கு முன்னால், உட்கார்ந்தபடியே சறுக்கி வந்து சேர்ந்தார் நிலம் சார். அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். என் தலை, தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"எல்லாப் பாகமும் இருக்குதா சாமி?"

கேட்கும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. முறிந்த காலுக்கு அழாத நான் அந்தக் குரலுக்கு அழுதேன்.