‘போகும்ல’ அண்ணன்

எதற்கெடுத்தாலும் ‘ஆமாம்’ போடுகிறவர்களை நாம் நிறையக் கேலி செய்தாயிற்று. அடுத்தவரை ‘ஆமாம்’ போட வைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று அலைகிற இனம் ஒன்று உண்டே, அதை ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை? நம்முடைய அண்ணன் அந்த இனத்தில் அசல் ரகம். எந்தச் சரக்கு எந்த நாட்டுக்குள் போகலாம், எது கூடாது என்று விசாரித்து அனுப்பிவைப்பதுதான் அவர் தொழில். கம்பெனி என்று பெயர்ப்பலகை இருக்கிறது. உள்ளே ஒரு மேஜை, இரண்டு போன், கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி. “இது போகும்ல?” என்று கேட்கும்போதே தலையையும் ஆட்டிக் காட்டுவார். எதிரில் இருப்பவருக்கும் தலை தானாக ஆடிவிடும். விசாரணை முடிந்தது! கடைத்தெரு முழுக்க அவருக்குப் ‘போகும்ல’ அண்ணன் என்றே பெயர்.

அவருடைய தங்கை பீங்கான் கோப்பை செய்கிறவள். முதன்முதலாக ஒரு வெளிநாட்டுக் கடை இரண்டாயிரம் கோப்பை கேட்டிருந்தது. ஐந்து மாதம் சூளையே கதியென்று கிடந்து, கையெல்லாம் கொப்புளம் போட்டுச் செய்து முடித்தாள். உடையக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் வைக்கோலில் பொதிந்து பெட்டியில் அடுக்கினாள். கையோடு அந்த நாட்டு இறக்குமதி அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதினாள்.

“அண்ணா, என்ன அனுப்புறோம், எதுல சுத்தியிருக்கோம், எல்லாம் எழுதியிருக்கேன். இதை மட்டும் முதல்ல அனுப்பிடு.”

“அட போம்மா! அவங்ககிட்ட போய்க் கேட்டா முடியாதுன்னுடுவாங்க. கேக்காத வரைக்கும் நமக்கு நல்லது.”

கடிதம் மேஜை இழுப்பறைக்குள் போனது. அண்ணன் விசாரிக்கக் கிளம்பினார். யாரையெல்லாம் என்கிறீர்கள்? லாரி ஆபீஸ்காரரை, பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டில் நாலு நாள் தங்கிவிட்டு இன்னமும் அதையே பேசிக்கொண்டிருக்கும் கண் டாக்டரை, சவரத்துக்கு உட்கார்ந்தபடியே சலூன்காரரை, கடைசியில் லிஃப்டில் கூட வந்த முன்பின் தெரியாத ஒரு மனிதரை. எல்லாத் தலைகளும் ஆடின. துறைமுக ஏஜென்ட் ஒருவர்தான், “கப்பு சரி, எதுல பேக் பண்ணியிருக்கீங்க?” என்று இழுத்தார்.

“அவனுக்கு வயித்தெரிச்சல்” என்று அண்ணன் அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சரக்கு போனது. போய், அந்த ஊர்த் துறைமுகத்திலேயே நின்றது. வைக்கோலில் பூச்சி வரும், உள்ளே விடமாட்டோம் என்று பெட்டியோடு சேர்த்து அத்தனையையும் அழித்துவிட்டார்கள். தங்கைக்கு ஒரே ஒரு வரியில் தகவல் வந்தது.

அவள் அழுது முடித்துவிட்டு, அண்ணனின் இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தைத் தானே அனுப்பினாள். இரண்டே நாளில் பதில் வந்தது: கோப்பைகள் தாராளமாக வரலாம், வைக்கோல் மட்டும் வேண்டாம், காகிதத்தில் சுற்றுங்கள்.

அண்ணன் அதைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா! கப்பு போகும்னு நான் அப்பவே சொன்னேன்ல?”

தங்கை அவரை ஒரு பார்வை பார்த்தாள். “ஆமாண்ணா, போயிருக்கும். உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

அதில் முதல் சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

சிரித்தாயிற்றா? சரி, நெஞ்சு படபடக்கிறது என்று மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டு, அவர்கள் சொன்னது பிடிக்காமல், “சும்மா வாயுத் தொல்லைதான் சார்” என்ற மருந்துக்கடைக்காரரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்களே, அது எந்த இனம்? கோபம் வேண்டாம். “நான் அப்படியெல்லாம் இல்லைல்ல?” என்று யாரிடமாவது இப்போதே கேட்டுவிட வேண்டும் போலிருக்குமே? தாராளமாகக் கேளுங்கள். யாரிடம் கேட்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.