குட் ஹேவ் கம்

என் மச்சினி கல்யாணத்துக்கு என் முதலாளி வரக் கூடாது. ஆனால் நான் அவரைக் கூப்பிட்டாக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் சாதித்துவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை தீர்மானம் செய்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஆபித் பாஷா சாயபுவின் தோல் கம்பெனியில் எனக்கு வேலை. பதனிட்ட தோல் கட்டுகள் மெட்ராஸுக்கு ரயிலேறும் முன், அவற்றின் மேல் இங்கிலீஷில் சீட்டு எழுதி ஒட்டுவேன். ஆறு வருஷத்துக்கு முன் ஆற்காட்டில் பெண் பார்க்கப் போனபோது, தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆன என் மாமனார், "கம்பெனியில இன்னாவா இருக்கீங்க?" என்று கேட்டார். சீட்டு எழுதி ஒட்டுகிற ரைட்டர் என்று சொல்ல நீளம் ஜாஸ்தி. வாயில் சொஜ்ஜி இருந்தது. "மேனேஜர்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டேன்.

அந்தச் சொஜ்ஜி இன்னும் ஜீரணமாகவில்லை. இப்போது மாமனார் எழுதியிருந்தார்: "சின்னவள் கல்யாணம் வருகிற பதினாலாம் தேதி. உங்கள் முதலாளிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதி, கட்டாயம் அழைத்து வரவும்."

முதலாளி ஆற்காட்டுக்கு வந்தால், மாமனார் அவரிடம் மேனேஜரைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரிக்காமல் விடுவாரா? இரண்டு வார்த்தை கூட வேண்டாம். ஒன்று போதும்.

"எழுதறீங்களா, இல்லையா?" என்றாள் என் மனைவி செங்கமலம்.

"எழுதறேன். சும்மாவா? இங்கிலீஷ்ல மரியாதையா கூப்பிடறது பெரிய வித்தை."

அது பொய்யில்லை. நான் எழுதுகிற சீட்டில் வினைச்சொல்லே கிடையாது. ஆட்டுத்தோல், பத்துக் கட்டு, மெட்ராஸ். முடிந்தது. அதனால் இரவலாக ஒரு இலக்கணப் புஸ்தகம் வாங்கி வந்து, வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு என்பதால், பகலெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வெள்ளைக்காரன் மேல் பக்தியே வந்துவிட்டது.

'வில் யூ கம்' என்றால் வருகிறாயா என்று நேராகக் கேட்பது. 'உட் யூ கம்' என்றால் அதையே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பது. 'குட் யூ கம்' என்றால் உங்களால் வர முடியுமா, முடியாவிட்டாலும் பரவாயில்லை என்று கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பது. இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. 'குட் ஹேவ் கம்.' வந்திருக்கலாம், ஆனால் வரவில்லை, காரியம் முடிந்துபோயிற்று. எனக்காகவே கண்டுபிடித்தது போல இருந்தது.

நல்ல காகிதத்தில் எழுதினேன். "வீ உட் ஹேவ் பீன் கிளாட் இஃப் யூ குட் ஹேவ் கம்." அதாவது, தாங்கள் வந்திருக்க முடிந்திருந்தால் நாங்கள் சந்தோஷப்பட்டிருப்போம். தேதி போடவில்லை. தேதி போட்டால் வந்துவிடுவார்கள்.

"படிங்க, கேக்கறேன்" என்றாள் செங்கமலம்.

படித்தேன்.

"இதுல 'வாங்க' எங்க இருக்குது?"

கடைசியில் இருந்த 'கம்'மைத் தொட்டுக் காட்டினேன்.

"அதுக்கு முன்னாடி நிக்கற கூட்டமெல்லாம் யாரு?"

"அதெல்லாம் மரியாதை."

"மரியாதை முன்னாடியா போவும்? 'வா'வுக்குப் பின்னாடி ஒரு 'ங்க' போட்டா தீர்ந்துதே."

"அது தமிழு. இங்கிலீஷ்ல மரியாதை ஜாஸ்தி."

அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ மரியாதையைத் தாண்டி அவர் எப்பிடி வந்து சேருவாரு?" என்றாள். நான் அவசரமாகக் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டேன்.

மறுநாள் கடிதத்தைக் கம்பெனியில் கொடுத்தேன். அங்கே இங்கிலீஷ் தபாலெல்லாம் முதலாளியின் அண்ணன் மகன் லியாகத் அலியிடம்தான் போகும். மெட்ராஸில் காலேஜ் படித்தவர். சின்ன முதலாளி என்போம். மத்தியானம் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா தணிகாசலம், மச்சினி கல்யாணம் முடிஞ்சிடுச்சா?"

"அது... வந்துங்க..."

"நாங்க வந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்னு எழுதிருக்கியே. முன்னாடியே சொல்லிருந்தா வந்திருப்பமே. போவட்டும், சித்தப்பா கிட்ட சொல்லிடறேன். ரொம்ப வருத்தப்படுவாரு."

"வருத்தப்பட வேணாங்க. முடிஞ்சது முடிஞ்சு போச்சு."

வெளியே வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தில், ஒரு தோல் கட்டின் மேல் ஒரே சீட்டை இரண்டு தரம் ஒட்டிவிட்டேன். மூன்று நாள் இப்படியே காற்றில் நடந்தேன். நாலாம் நாள்தான் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்குப் போக எனக்கு லீவு வேண்டும்.

லியாகத் அலி முன்னால் போய் நின்றேன். "பதினாலாம் தேதி மச்சினி கல்யாணங்க. நாலு நாள் லீவு..."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "உனக்கு எத்தினி மச்சினி?"

"ஒண்ணுதாங்க."

"அந்த ஒண்ணுக்குத்தான் கல்யாணம் முடிஞ்சிடுச்சே." மேஜையில் இருந்து என் கடிதத்தை எடுத்து விரித்தார். "இதுல நீயே எழுதிருக்கே. இந்த மாசம் மெட்ராஸ் கட்டு ஏகப்பட்டது கிடக்குது. பொய் சொல்லி லீவு கேட்டா பேஜாராயிடும் தணிகாசலம். போய் வேலையப் பாரு."

நான் பொய் எழுதியபோது நம்பிய மனிதர், உண்மை சொன்னபோது நம்பவில்லை. இங்கிலீஷ்காரனின் வினைச்சொல் என்னை வகையாகக் கட்டிப்போட்டுவிட்டது.

மத்தியானம் சாப்பிடப் போனபோது வீட்டில் சொன்னேன். "லீவு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. நீ மட்டும் போய்ட்டு வா."

செங்கமலம் சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. "கூடப் பொறந்தவ கல்யாணத்துல நான் மட்டும் தனியா நிக்கணுமா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்கு அவள் நாலு தட்டை வீசியிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கூட ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு நிமிஷம்தான்.

மறுநாள் காலையில் நான் கம்பெனிக்குள் நுழையும்போதே ஆபித் பாஷா சாயபு வாசலில் நின்றிருந்தார்.

"தணிகாசலம், பதினாலாம் தேதி ஆற்காட்டுக்கு நாங்களும் வர்றோம். உனக்கு லீவு."

"முதலாளி... யார் சொன்னாங்க?"

"உன் சம்சாரம் நேத்து சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வந்து எங்க வீட்டம்மா ஹலீமா கிட்ட 'வாங்க'ன்னாங்க. அவ்ளோதான். லியாகத் ஏதோ உன் காகிதத்தக் காட்டி, கல்யாணம் முடிஞ்சிடுச்சுன்னான். கூப்பிட வந்த பொம்பளை பொய் சொல்லுமான்னு ஹலீமா கேட்டா. நான் வாயத் தொறக்கல."

கல்யாணத்தன்று காலையில் எனக்கு ஜுரம் வரும் என்று நம்பியிருந்தேன். வரவில்லை. முதலாளி வந்தார். ஹலீமா பீ வந்தார்கள். மாமனார் வாசலுக்கே ஓடி வந்து இருவரையும் நாற்காலியில் உட்கார வைத்தார். தட்டில் ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா கொடுத்தார். அப்புறம் என்னைத் தோளில் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"எங்க மாப்பிள்ளை கம்பெனியில எப்பிடிங்க?"

நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன்.

ஆபித் பாஷா சாயபு பேடாவை மென்று, விழுங்கி, விரலைத் துடைத்துக்கொண்டார். "உங்க மாப்பிள்ளை மேனேஜராச்சே. அவரில்லாம ஆபீஸ் ஒரு நாள் நடக்காது" என்றார். ஹலீமா பீ முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்கள். மாமனார் கையைக் கூப்பினார். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

திரும்பி வரும்போது ரயிலில் செங்கமலத்திடம் கேட்டேன். "முதலாளி ஏன் அப்பிடிச் சொன்னாரு?"

"நான்தான் ஹலீமா பீபிம்மா கிட்ட விஷயத்தச் சொல்லி, அப்பிடிச் சொல்லச் சொன்னேன்."

"அப்போ... உனக்குத் தெரியுமா?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். அப்பா ஆம்பூருக்கு வந்து விசாரிச்சாரு."

"உங்கப்பாவுக்கும் தெரியுமா? தெரிஞ்சுமா முதலாளியக் கூட்டிட்டு வரச் சொன்னாரு?"

"நீங்க இன்னா பண்றீங்கன்னு பாக்கத்தான். ஆறு வருஷமா வீட்ல எல்லாருக்கும் இதான் பொழுதுபோக்கு."

வண்டி பாலாற்று மணலைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தது. நான் மெதுவாகக் கேட்டேன். "மேனேஜர் இல்லன்னு தெரிஞ்சும் உன்னை ஏன் எனக்குக் குடுத்தாரு?"

"பொண்ணு பாத்துட்டுப் போய் அவருக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் போட்டீங்களே, என்னைக் கட்டிக்க சம்மதம்னு?"

"ஆமா. நல்லா எழுதிருந்தேனே."

"அதுல என்னை ஏற்கெனவே கட்டிக்கிட்டாச்சுன்னு எழுதிருந்தீங்களாம். அதப் படிச்சிட்டு அப்பா, 'இந்த இங்கிலீஷுக்கு மெட்ராஸ்ல ஒருத்தனும் வேலை குடுக்க மாட்டான், பொண்ணு நமக்குப் பக்கத்துலயே இருக்கும்'னு அன்னைக்கே தாம்பூலம் மாத்தச் சொல்லிட்டாரு."